வீட்டைப் பிள்ளைகள் பெயரில் எழுதி வைக்கும் முன்: வணிகர்கள் அறிய வேண்டிய வரிக் கணக்கு



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது லாரி வாடகை, இறக்குக் கூலி, சாக்கு எடை வரை கணக்குப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் ஆயுள் முழுக்கச் சம்பாதித்துக் கட்டிய வீட்டை மகனுக்கோ மகளுக்கோ எழுதி வைக்கும்போது, பத்திர எழுத்தர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதன் பலன் பத்து வருடம் கழித்துத் தெரிகிறது.

சங்க அலுவலகத்தில் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வீட்டைப் பையன் பேருக்கு மாற்றினால் எவ்வளவு வரி வரும்?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தகப்பனார் தம் வீட்டைப் பெற்ற பிள்ளைக்கு இனாமாக எழுதி வைத்தால், கொடுத்தவருக்கும் வருமான வரி இல்லை, வாங்கியவருக்கும் வருமான வரி இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்தான் செலவு. ஆனால் அந்த வரி ஒரேயடியாகப் போய்விடவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை பிற்பாடு வீட்டை விற்கும்போது, தகப்பனார் வாங்கிய விலையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே வீடு கைமாறும்போது வீட்டின் கணக்கும் கைமாற வேண்டும். இதை மறந்தவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

1. பழைய பயங்கள்

"சொத்து கைமாறினால் சர்க்கார் பாதியை எடுத்துக்கொள்ளும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அதற்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்தவரின் சொத்துக்கு எஸ்டேட் டூட்டி என்ற வரி இருந்தது. பெரிய சொத்துகளுக்கு அதன் உச்ச விகிதம் ஒரு காலத்தில் 85 சதவீதம் வரை போயிற்று. அது 16.3.1985 முதல் எடுக்கப்பட்டது. 1958-ஆம் ஆண்டின் கிப்ட் டாக்ஸ் சட்டப்படி, இனாம் கொடுத்தவர் வரி கட்ட வேண்டியிருந்தது. அது 1.10.1998 முதல் கொடுக்கும் இனாம்களுக்கு இல்லை. சொத்து வரி என்கிற வெல்த் டாக்ஸும் 2015-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது. இன்று இந்த மூன்றும் கிடையாது.

2. எந்தப் பத்திரம் எழுதுவது?

தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு ரூ.40,00,000 உள்ள ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

கிரயப் பத்திரம்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், ரூ.2,80,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரூ.80,000. மொத்தம் ரூ.3,60,000.

குடும்ப செட்டில்மெண்ட் பத்திரம்: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு ரூ.40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு ரூ.10,000. மொத்தம் ரூ.50,000. வீட்டின் மதிப்பு ஒரு கோடியானாலும் இதே ரூ.50,000தான். (10.7.2023-க்கு முன் இந்த உச்சவரம்புகள் ரூ.25,000, ரூ.4,000 என்று இருந்தன.)

உயில்: முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்வதே நல்லது.

பத்திரத்தின் தலைப்பு முக்கியம். வெறும் "தானப் பத்திரம்" என்று எழுதினால் கிரயத்துக்குரிய தீர்வை கேட்க இடமாகிவிடும். "செட்டில்மெண்ட்" என்றும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு இன்னதென்றும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கட்டண விகிதங்களை அரசு அவ்வப்போது மாற்றுவதால், பதியும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளவும்.

"செட்டில்மெண்ட்டை விட கிரயம்தான் கெட்டி" என்று சிலர் நினைத்து, பணம் கைமாறாமலே மகனுக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிறார்கள். இதில் மூன்று விதத்தில் அடி. ரூ.50,000-இல் முடிகிற செலவு ரூ.3,60,000 ஆகிறது. கிரயம் என்று எழுதிவிட்டதால், தகப்பனார் விற்றதாகக் கணக்காகி அவருக்கு மூலதன ஆதாய வரி வருகிறது. விலையைக் குறைத்துப் போட்டாலும் தப்ப முடியாது; எழுதிய விலையை விட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதாக, "மகன் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது, எந்த வங்கியில் போட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் இருக்காது. ரொக்கமாக வாங்கியதாக எழுதினால் இன்னும் மோசம். வீடு, மனை விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

3. வருமான வரியில் நிலை என்ன?

இனாமாகவோ உயில் மூலமாகவோ சொத்து போவதை வருமான வரிச் சட்டம் விற்பனையாகக் கருதுவதில்லை. அதனால் கொடுப்பவருக்கு மூலதன ஆதாயம் இல்லை. வாங்குகிறவரைப் பொறுத்தவரை, வெளியாரிடமிருந்து இலவசமாக வீடு கிடைத்தால் அதன் மதிப்புக்கு வரி உண்டு. உறவினரிடமிருந்து கிடைத்தால் இல்லை. பெற்றோர் அந்த உறவினர் பட்டியலில் வருகிறார்கள். உயில் மூலமோ வாரிசு முறையிலோ கிடைத்தாலும் வரி இல்லை.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 1.4.2026 முதல் அமலாகும்படி இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. மேலே சொன்ன அடிப்படை மாறவில்லை. ஆகையால் எண்களை இங்கே தரவில்லை.

பேலன்ஸ் ஷீட் போடுகிற வணிகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு தகப்பனாரின் கணக்கில் சொத்தாகக் காட்டப்பட்டிருந்தால், பத்திரம் பதிந்த வருடமே அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். மகன் தம் கணக்கில் அதைக் கொண்டுவரும்போது தகப்பனாரின் அடக்க விலையையே போட வேண்டும், வழிகாட்டி மதிப்பை அல்ல. ஏன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

4. பிற்பாடு விற்கும்போது வரும் கணக்கு

ஒரு வணிகர் 1988-இல் ரூ.1,20,000-க்கு வீடு வாங்கினார். 2008-09-இல் ரூ.5,00,000 செலவில் மாடி கட்டினார். 2016-இல் மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதினார். அப்போது பத்திரத்தில் போட்ட மதிப்பு ரூ.30,00,000. மகன் 2025-26-ஆம் நிதியாண்டில் ரூ.50,00,000-க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"எனக்குக் கிடைத்தபோது மதிப்பு 30 லட்சம், விற்றது 50 லட்சம், ஆகவே லாபம் 20 லட்சம்" என்று மகன் கணக்குப் போட்டால் அது செல்லாது. மகன் பணம் கொடுத்து வாங்கவில்லை. எனவே தகப்பனாரின் அடக்கம்தான் மகனின் அடக்கம். தகப்பனார் வைத்திருந்த காலமும் மகன் வைத்திருந்த காலத்தோடு சேரும். 24 மாதத்துக்கு மேல் என்பதால் இது நீண்டகால ஆதாயம்.

1.4.2001-க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. நம் உதாரணத்தில் அது ரூ.6,00,000 என்போம்.

23.7.2024 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படி குறியீட்டுச் சலுகையுடன் 20 சதவீதம் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-02-க்குக் குறியீடு 100. 2008-09-க்கு 137. 2025-26-க்கு 376.

மாடி கட்டிய பில்கள் கையில் இல்லை என்றால்:

12.5 சதவீத முறை: 50,00,000-இல் 6,00,000 கழித்தால் ஆதாயம் 44,00,000. வரி ரூ.5,50,000.

20 சதவீத முறை: 6,00,000-க்குக் குறியீட்டு அடக்கம் 22,56,000. ஆதாயம் 27,44,000. வரி ரூ.5,48,800.

மாடி கட்டிய பில்கள் இருந்தால்:

12.5 சதவீத முறை: அடக்கம் 11,00,000. ஆதாயம் 39,00,000. வரி ரூ.4,87,500.

20 சதவீத முறை: மாடிச் செலவு 5,00,000-க்குக் குறியீட்டு அடக்கம் 13,72,263. இரண்டும் சேர்ந்து 36,28,263. ஆதாயம் 13,71,737. வரி ரூ.2,74,347.

செஸ் இவற்றுக்கு மேல் தனி. ரூ.5,48,800 எங்கே, ரூ.2,74,347 எங்கே! சரிபாதி. சிமெண்ட், கம்பி, செங்கல், கொத்தனார் கூலி ரசீதுகள் அடங்கிய ஒரு பழைய பைல்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

குறியீட்டை எந்த வருடத்திலிருந்து போடுவது என்பதில் வருமான வரித் துறைக்கும் வரி செலுத்துவோருக்கும் வழக்கு நடந்தது. தகப்பனார் வாங்கிய காலத்திலிருந்தே போடலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. மேலே உள்ள கணக்கு அந்த முறைப்படி போட்டது.

ஆகவே பத்திரம் எழுதும் நாளிலேயே மகனிடம் கொடுக்க வேண்டியவை: மூலப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், கட்டட வரைபட அனுமதி, கட்டுமானச் செலவு ரசீதுகள், அந்த வருடங்களின் வங்கிப் பாஸ் புத்தகங்கள், தகப்பனாரின் பழைய பேலன்ஸ் ஷீட் நகல்கள். ரசீதுகள் தொலைந்திருந்தால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 1.4.2001 நிலவரப்படி மதிப்பீடு வாங்கி வைக்கவும். தகப்பனார் நல்ல நினைவோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். எந்த வருடம் மாடி கட்டினோம், யார் மேஸ்திரி, எந்த வங்கியில் கடன் வாங்கினோம் என்று சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

5. மருமகள், மைனர் பேரில் எழுதினால்?

மகன் தொழிலில் கடன் பட்டிருக்கிறார் என்று வீட்டை மருமகள் பேரில் எழுதுவதுண்டு. மருமகளும் உறவினர்தான், பெறும்போது அவருக்கு வருமான வரி இல்லை. ஆனால் அந்த வீட்டு வாடகை எழுதிக்கொடுத்த மாமனாரின் அல்லது மாமியாரின் வருமானத்தோடுதான் சேரும். மைனர் பிள்ளை பேரில் எழுதினாலும் அப்படியே, வருமானம் பெற்றோர் கணக்கில்தான் சேரும். வயது வந்த மகன் அல்லது மகள் பேரில் எழுதினால் வாடகை அவர்களுடைய வருமானம். பத்திரம் மகன் பேரில் இருக்க, வாடகையைத் தகப்பனார் வாங்கித் தம் கணக்கில் காட்டி வருவதும் சரியல்ல.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் வீட்டை இனாமாகக் கொடுக்கலாம். விவசாய நிலத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அவர் பிற்பாடு விற்கும்போது வாங்குபவர் கூடுதல் விகிதத்தில் வரி பிடித்தம் செய்ய வேண்டியிருக்கும். 20 சதவீத முறையைத் தேர்ந்தெடுக்கும் சலுகையும் அவருக்குக் கிடையாது.

6. கீழே கடை, மேலே வீடு

நம்மில் பலருக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் அல்லது மாடியில் வீடு. கட்டடம் மகன் பேருக்குப் போய், கடை தகப்பனார் பேரிலேயே நடந்தால், ஜி.எஸ்.டி. பதிவில் இட ஆதாரம் மாறுகிறது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆகியவை மகன் பேருக்கு மாறியதும், மகனிடம் சம்மதக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ பெற்று வைக்கவும்.

வாடகை பேசுவதானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 10.10.2024 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு பெற்றவர் கடையை வாடகைக்கு எடுத்தால், வாடகைக்கு 18 சதவீத வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். முறையான பதிவில் உள்ளவர் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டிங் முறையில் உள்ள சிறு வணிகர்களுக்கு இதிலிருந்து விலக்கு தரப்பட்டுள்ளது.

கட்டடம் கூட்டு வியாபார நிறுவனத்தின் பெயரில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. நிறுவனம் தகப்பனார் ஆகாது; அது பிள்ளைக்குக் கொடுத்தாலும் பங்குதாரருக்குக் கொடுத்தாலும் வரி உண்டு. அப்படி இருப்பவர்கள் ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

7. கடன் இருக்கும்போது எழுதினால்

கொள்முதல் பாக்கி ஏறிக் கிடக்கும்போது, கடன்காரர்கள் கைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று அவசரமாகப் பிள்ளைகள் பேரில் எழுதுவதை நாம் கண்டிருக்கிறோம். கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் நோக்கத்துடன் செய்த மாற்றத்தை, கடன் கொடுத்தவர் நீதிமன்றம் சென்று செல்லாததாக்க முடியும். வருமான வரி பாக்கியோ விசாரணையோ நிலுவையில் இருக்கும்போது அதிகாரியின் முன் அனுமதி பெறாமல் எழுதினால், அந்த வரி பாக்கியைப் பொறுத்தவரை அந்தப் பத்திரம் செல்லாது. வங்கியில் ஓ.டி.க்கு ஈடாக வைத்த வீடு என்றால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். கொள்முதல் செய்து கொடுத்தவரும் நம்மைப் போன்ற வணிகர்தான் என்பதையும் நினைவில் வைப்போம்.

8. கொடுத்த பிறகு பெற்றோர் நிலை

வரியை மிச்சப்படுத்தும் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. தகப்பனார் மனம் மாறினால் தாமாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர் நிபந்தனை ஏதும் எழுதாமல் கொடுத்தார். இன்று தாம் கட்டிய வீட்டின் பின்கட்டில், மோட்டார் அறையை ஒட்டிய இடத்தில் படுத்துக்கொள்கிறார். மகன் கெட்டவர் என்று அவர் சொல்வதில்லை. "கேட்க எனக்கு ஒரு காகிதம் இல்லை" என்றுதான் சொல்கிறார்.

அந்தக் காகிதத்தைச் சட்டம் தருகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் சொத்தைக் கொடுத்து, பிள்ளை அதைச் செய்யத் தவறினால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பிரிவு உதவும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. இந்தச் சட்டத்தை முதியோருக்கு அனுகூலமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. வழக்குப் போட்டுப் பார்ப்பதை விட, பத்திரத்திலேயே ஒரு வரி எழுதி வைப்பது எளிது.

எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, "என் ஆயுள் வரையிலும் என் மனைவி ஆயுள் வரையிலும் எங்களுக்கு உணவு, மருத்துவம் முதலான அடிப்படைத் தேவைகளைச் செய்து பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை. இரண்டு, அந்த வீட்டில் இருவரும் ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமை. வாடகை வரும் வீடானால் வாடகை வாங்கும் உரிமையையும் வைத்துக்கொள்ளலாம். அப்போது வாடகைக்கு வரியும் பெற்றோர் கணக்கில்தான். இவற்றால் வரிச் சலுகை எதுவும் குறையாது. ஆனால் ஆயுள் உரிமை உள்ள சொத்தின் பேரில் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். மகனுக்கு வியாபாரக் கடன் தேவைப்படுமானால் இதை முன்னதாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

"என் காலத்துக்குப் பிறகே உரிமை சேரும்" என்று எழுதிவிட்டால் அது செட்டில்மெண்ட் ஆகாமல் உயிலாகக் கருதப்பட இடமுண்டு. "உரிமை இன்றே சேர்கிறது, அனுபவம் என் ஆயுளுக்குப் பின்" என்று இருக்க வேண்டும்.

9. உயில் போதுமா?

வருமான வரியைப் பொறுத்தவரை உயிலும் செட்டில்மெண்ட்டும் ஒன்றே. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி வரை வீடு நம் பேரில் இருக்கும். பிள்ளைக்கு உடனடியாகச் சொத்து தேவையில்லை என்றால் உயிலே போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன் பெறுபவர் சாட்சியாக இருக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதானால், பிற்பாடு மற்றவர்கள் உயிலை வழக்காட வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் செட்டில்மெண்ட் பலமானது.

இந்துக் குடும்பங்களில் சுயசம்பாத்திய வீட்டை யாருக்கும் எழுதலாம். பூர்வீகச் சொத்தானால் மகள்களுக்கும் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் திருமணமாகாத மகள்களுக்கும், 2005-இல் மத்திய சட்டத் திருத்தத்தால் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. இஸ்லாமியப் பெருமக்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை.

10. பதிவுக்குப் போகும் முன்

அ) வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கவும்.
ஆ) வங்கி அடமானம், வரி பாக்கி இருந்தால் முதலில் தீர்க்கவும் அல்லது அனுமதி பெறவும்.
இ) பராமரிப்பு நிபந்தனையும் குடியிருக்கும் உரிமையும் பத்திரத்தில் உள்ளதா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்.
ஈ) பெறுகிறவர் ஏற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.
உ) பதிந்த பின் பட்டா, வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றின் பெயரை மாற்றவும்.
ஊ) அடக்க விலை ஆதாரங்களை ஒரே பைலில் கட்டிப் பிள்ளையிடம் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளவும்.

ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கும் வேறு. கையெழுத்துக்கு முன் ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் கொடுக்கிற சில ஆயிரங்களை வீண் செலவாக எண்ண வேண்டாம். சரக்கு ஏற்றி அனுப்பும்போது பட்டியலை இணைத்து அனுப்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டைப் பிள்ளைக்கு அனுப்பும்போதும் அதன் பட்டியலைச் சேர்த்தே அனுப்புவோம். வீட்டில் நமக்கு உள்ள இடத்தையும் பத்திரத்திலேயே குறித்துவிடுவோம்.